மார்பு அளவை மட்டும் பார்த்து பாய்லர் சூட் எடுக்காதீர்கள்

பெங்களூருவில் பீன்யாவிலோ பொம்மசந்திராவிலோ பட்டறை நடத்துபவர் ஆட்களுக்கு பாய்லர் சூட் வாங்கப் போனால் கடையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சைஸ் நாற்பதா, நாற்பத்திரண்டா?" அது மார்புச் சுற்று. சட்டைக்கு அது போதும். கையைத் தூக்கினால் சட்டை பேன்ட்டிலிருந்து வெளியே வரும், அவ்வளவுதான். பாய்லர் சூட்டில் மேலும் கீழும் ஒன்றாகத் தைத்திருப்பதால் துணிக்குப் போக்கிடம் இல்லை. கை தூக்கினால் கவட்டை இழுக்கும், குனிந்தால் தோள் இழுக்கும். கவட்டைத் தையல் விட்டுப்போவதும், ஆட்கள் ஜிப்பைத் தொப்புள் வரை இறக்கிவிட்டுத் திரிவதும், மேல்பாதியைக் கழற்றி இரண்டு கையையும் இடுப்பில் முடிந்துகொண்டு பனியனோடு மெஷினில் நிற்பதும் ஒழுங்கீனம் என்று சூப்பர்வைசர்கள் திட்டுவார்கள். பாதிக்கு மேல் அது அளவுக் கோளாறு.

இந்த உடுப்பின் பயனே இடுப்பில் இடைவெளி இல்லாததுதான். கரியோ, இரும்புச் சீவலோ, வெல்டிங் பொறியோ இடுப்பு வழியாக உள்ளே விழாது. சட்டை நுனி வெளியே வந்து சுற்றும் தண்டில் சிக்காது. பாதி கழற்றிக் கட்டிய பாய்லர் சூட்டில் இந்த இரண்டும் போய்விடும். தொங்கும் கைகள் வேறு புது ஆபத்து.

முதலில் வேலை, பிறகு துணி

சி.என்.சி, லேத், மில்லிங், டிரில்லிங் வேலைக்கு 220 முதல் 260 ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) வரை உள்ள காட்டன் டிரில் (சாய்வரி நெசவுள்ள கனத்த துணி) சரியாக இருக்கும். பெங்களூரு வெயிலுக்கு 240 நடுவாந்தரம். பாலியஸ்டர் கலந்த துணி சுருங்காது, சாயம் போகாது, சீக்கிரம் காயும். அசெம்பிளி, பேக்கிங், ஸ்டோர்ஸ் ஆட்களுக்குத் தாராளமாக எடுக்கலாம். வெல்டிங், கிரைண்டிங், கேஸ் கட்டிங், ஃபவுண்டரி, எலக்ட்ரிக்கல் பேனல் வேலைகளுக்கு மட்டும் அந்தக் கலப்பு வேண்டாம். பாலியஸ்டர் ஏறத்தாழ 255 டிகிரியில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சாதாரண காட்டன் எரியும், ஆனால் உருகி ஒட்டாது. உள்ளே போடும் பனியனுக்கும் இதே விதி. மேலே தீத்தடுப்பு பாய்லர் சூட், உள்ளே ஜிம்முக்குப் போகும் பாலியஸ்டர் டி-ஷர்ட் என்றால் மேலே போட்டதற்குச் செலவழித்த காசு பாதி வீண்.

தீத்தடுப்புத் துணி என்று கடைக்காரர் வாயால் சொல்வது கணக்கில் வராது. லேபிளில் ஐ.எஸ் 15748 அல்லது ஐ.எஸ்.ஓ 11612 என்று இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ லேபிளில் எண்ணோடு ஆங்கில எழுத்துகள் வரும்: ஏ என்றால் தீ பரவாமை, பி வெப்பக்காற்று, சி கதிர்வீச்சு வெப்பம், டி உருகிய அலுமினியம், இ உருகிய இரும்பு, எஃப் தொடு வெப்பம். ஏ தவிர மற்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள எண் கூடக்கூடத் தாங்கும் சக்தி கூடும். அலுமினியம் ஊற்றும் இடத்துக்கு டி இல்லாத சூட் வாங்குவது பெரிய தவறு. மற்ற தீத்தடுப்புத் துணிகள் சிலவற்றில் உருகிய அலுமினியம் வழியாமல் ஒட்டி நிற்கும். வெல்டிங்குக்குத் தனியாக ஐ.எஸ்.ஓ 11611 உண்டு, அதில் கிளாஸ் 1, கிளாஸ் 2. ஸ்டிக் வெல்டிங்கில் பொறி அதிகம், தலைக்கு மேல் வெல்டிங் செய்பவருக்கு இன்னும் அதிகம். அவர்களுக்குக் கிளாஸ் 2.

எலக்ட்ரோபிளேட்டிங் தொட்டிக்குப் பக்கத்தில் காட்டன் பாய்லர் சூட்டை மட்டும் நம்பக் கூடாது. துணி ஆசிடை உறிஞ்சித் தோலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நீர்த்த சல்ஃபூரிக் ஆசிட் தெறித்தது தெரியவே தெரியாது. தண்ணீர் ஆவியாகி ஆசிட் கெட்டியானதும் நூல் அரிக்கும், அடுத்த துவைப்பில் அந்த இடம் சல்லடையாக வரும். மேலே பி.வி.சி ஏப்ரன், கையில் அதற்குரிய கிளவுஸ், தேவைப்பட்டால் கெமிக்கல் சூட் என்று போக வேண்டும்.

வெள்ளையாக, காகிதம் மாதிரி வரும் டிஸ்போசபிள் சூட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2020 கொரோனா காலத்தில் பெங்களூரு கார்மென்ட் யூனிட்கள் லட்சக்கணக்கில் தைத்துத் தள்ளியது அந்த வகையை. மருத்துவப் பயன்பாட்டுக்கு அதற்கு ஐ.எஸ் 17423 என்ற தனித் தரம் இருக்கிறது. தூசிக்கும் லேசான தெறிப்புக்கும் டைப் 5, டைப் 6 என்று எழுதியதை எடுக்கலாம். அது பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன், பொறி பட்டால் உருகி ஓட்டை விழும். கிரைண்டிங் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

தோள்-கவட்டை சுற்று

இஞ்ச் டேப்பின் ஒரு முனையைத் தோளின் நடுவில், கழுத்துக்கும் தோள்பட்டை முனைக்கும் மத்தியில் வையுங்கள். முன்பக்கமாக மார்பின் மேல் இறக்கி, இரண்டு காலுக்கும் நடுவே எடுத்து, முதுகு வழியாக அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். டேப் தொளதொள என்றும் இருக்கக் கூடாது, இறுகவும் கூடாது. ஆள் மூச்சை அடக்காமல் நிமிர்ந்து நிற்க வேண்டும், பாக்கெட்டில் மொபைல், பர்ஸ் எதுவும் வேண்டாம். ஐந்தடி ஏழு அங்குல உயரமுள்ள சராசரி உடம்புக்கு இது 63 முதல் 65 இஞ்ச் வரை வரும். ஒரே மார்பளவுள்ள இருவருக்கு மூன்று, நான்கு இஞ்ச் வித்தியாசம் வருவது சாதாரணம். ஒருவருக்கு நீண்ட உடம்பு, குட்டைக் கால், மற்றவருக்கு நேர்மாறு. கடையில் ரெடிமேட் எடுத்தால் இடிப்பது இந்த இடத்தில்தான்.

தைத்து முடித்த சூட்டில் இதே சுற்று உடம்பளவைவிட 4 முதல் 6 இஞ்ச் கூடுதலாக இருக்க வேண்டும். 4-க்குக் கீழே போனால் குந்தி உட்கார முடியாது. 6-ஐத் தாண்டினால் வேறு தொல்லை: கவட்டை முழங்காலை நோக்கித் தொங்கும், அகலமாகக் கால் வைக்க முடியாது, ஏணி ஏறும்போது உள்தொடைத் தையல் கிழியும். பெரிதாக எடுத்தால் வசதி என்பது பாய்லர் சூட்டில் உண்மையில்லை. ரெடிமேட் சூட்டைச் சரிபார்க்க, ஜிப்பை மூடி மேசையில் விரித்து, தோள் நடுவிலிருந்து கவட்டைத் தையல் வரை முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு எடுத்துக் கூட்டுங்கள். நல்ல கம்பெனி லேபிளில் ஒரு மனித உருவப் படமும் அதில் உயரம், மார்பு இரண்டின் எல்லைகளும் சென்டிமீட்டரில் போட்டிருக்கும். உயரம் போடாத, எம், எல் மட்டும் போட்ட லேபிளை நம்பி மொத்தமாக ஆர்டர் கொடுக்காதீர்கள்.

மற்ற அளவுகள் வழக்கமானவை. மார்புக்கும் சீட்டுக்கும் (பிட்டச் சுற்று) 5 முதல் 6 இஞ்ச் லூஸ். கை நீளத்தை முழங்கையை மடக்கி, பின்கழுத்து எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை எடுக்க வேண்டும்; நேராகத் தொங்கும் கையில் எடுத்தால் வேலை செய்யும்போது கஃப் மேலேறி மணிக்கட்டு வெளியே தெரியும். கால் வாய்ச் சுற்று 18 இஞ்சாவது இருக்கட்டும். ரசாயனம் கொட்டி அவசரமாகக் கழற்ற வேண்டி வந்தால் சேஃப்டி ஷூவோடு சேர்த்தே உருவ முடிய வேண்டும்.

துணிக்கடையில்

சிக்பேட்டை மொத்தக் கடைகளில் டிரில் பெரும்பாலும் 58 இஞ்ச் அகலத்தில் வரும். 38, 40 சைஸ் முழுக்கை சூட்டுக்கு 3.25 மீட்டர், 44-க்கு மேலே 3.75 மீட்டர் என்று கணக்கு வைக்கலாம். பத்து சூட்டை ஒன்றாகப் போட்டு வெட்டினால் ஆளுக்குக் கால் மீட்டர் வரை மிச்சமாகும். அந்த மிச்சத்தை வாங்காமல் விட்டுவிடாதீர்கள், ரிப்பேருக்கு அதே துணி தேவைப்படும்.

கடைக்காரர் சொல்லும் எடையைச் சரிபார்ப்பது எளிது. 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றை வெட்டி, கஞ்சி போக அலசிக் காயவைத்து, சின்ன டிஜிட்டல் தராசில் போடுங்கள். கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். 2.4 கிராம் என்றால் 240. துவைக்காமல் நிறுத்தால் கஞ்சியும் சேர்ந்து நல்ல எடை காட்டும். கடையில் தடவிப் பார்த்தால் விறைப்பாக, தரமாகத் தெரிவதும் அந்தக் கஞ்சியால்தான்.

"ப்யூர் காட்டன் சார்" என்பதற்கு ஒரு தீப்பெட்டி போதும். பாவு நூல் (நீளவாக்கு) இரண்டு, ஊடை நூல் (குறுக்குவாக்கு) இரண்டு தனித்தனியாக உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் கொளுத்துங்கள். காட்டன் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பல் விடும். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருண்டு, உருகி, ஆறியபின் நகத்தால் உடைக்க முடியாத கறுப்பு மணியாக நிற்கும். கலப்பு என்றால் சாம்பலுக்குள்ளே அந்தக் கடினத் துகள் விரலில் நெருடும். பாவையும் ஊடையையும் தனியே பார்க்கச் சொல்வதற்குக் காரணம், சில துணிகளில் ஒரு பக்கம் மட்டும் காட்டன் இருக்கும்.

சுருக்கம் இதையெல்லாம்விட முக்கியம். துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பால்பாயின்ட் பேனாவால் வரைந்து, பட்டறையில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவைத்து அளங்கள். 48.5 வந்தால் 3 சதவீதம். 47.5 வந்தால் 5. சூட்டின் தோள்-கவட்டை சுற்று பாவு நூல் ஓடும் திசையில் இருக்கிறது, சுருக்கமும் பொதுவாக அந்தத் திசையில்தான் கூடுதல். 69 இஞ்ச் சுற்றில் 5 சதவீதம் என்றால் ஏறத்தாழ மூன்றரை இஞ்ச். நீங்கள் விட்ட லூஸில் பெரும்பகுதி ஒரே துவைப்பில் போய்விட்டது. புதுசாக வந்தபோது சரியாக இருந்த சூட் இரண்டாவது வாரம் பிடிக்கிறது என்ற புகாருக்கு இதுதான் விடை. சான்ஃபரைஸ்டு (மில்லிலேயே முன்கூட்டிச் சுருக்கிய) துணி கிடைத்தால் அதையே வாங்குங்கள். இல்லையென்றால் வெட்டும் முன் முழுத் துணியையும் ஒருமுறை வெந்நீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். டெய்லர் சோம்பேறித்தனப்படுவார், விடாதீர்கள்.

தையலில் கேட்டு வாங்க வேண்டியவை

சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தையல் கடைகளில் ஒற்றை ஊசி மெஷின்தான் இருக்கும். ஓரிரு சூட்டுக்கு அது போதும், தையலை இரண்டாக மடித்து மேலே இன்னொரு தையல் ஓட்டச் சொன்னால். இருபது முப்பது சூட் என்றால் ஃபீட் ஆஃப் த ஆர்ம் மெஷின் வைத்திருக்கும் யூனிட்டுக்குப் போவது நல்லது. பொம்மனஹள்ளி, மைசூர் ரோடு, பீன்யா வட்டாரங்களில் கார்மென்ட் யூனிட்களுக்குக் குறைவில்லை. அந்த மெஷின் துணியின் விளிம்புகளை ஒன்றுக்குள் ஒன்று மடக்கி இரண்டு, மூன்று வரி தைக்கும், உள்ளே பிசிர் தெரியாது. வெறும் ஓவர்லாக் போட்ட கவட்டைத் தையலை ஏற்காதீர்கள். இஞ்சுக்கு 9, 10 தையல் விழ வேண்டும். 6 என்றால் இழுத்தால் இடைவெளி காட்டும். 13, 14 என்று நெருக்கினால் ஊசி துளைத்த வரியிலேயே துணி கிழியும். பாக்கெட் மூலை, ஜிப் முடியும் இடம், சைடு திறப்பு ஆகியவற்றில் பார்டாக் (நெருக்கமாகப் போடும் பூட்டுத் தையல்) கட்டாயம்.

தீத்தடுப்புத் துணிக்கு நூலும் தீத்தடுப்பு நூலாகவே இருக்க வேண்டும். பாலியஸ்டர் நூலில் தைத்தால் துணி தாங்கும் வெப்பத்தில் நூல் உருகித் தையல் பிரியும். ரிஃப்ளெக்டிவ் டேப்புக்கும் இதே கணக்கு.

ஜிப்பில் இரண்டு ரன்னர் உள்ள டூ-வே ஜிப் கேளுங்கள், கழுத்திலிருந்து கவட்டை வரை, 5-ஆம் நம்பர் பித்தளை. கீழ் ரன்னரை மேலே ஏற்றினால் ஆண்களுக்குச் சிறுநீர் கழிக்க முழுதும் கழற்ற வேண்டியதில்லை. ஜிப் மேலே ஒன்றரை இஞ்ச் பட்டி மூடி, அதை டிச் பட்டனால் பிடிக்க வேண்டும். அந்தப் பட்டி இல்லாவிட்டால் பித்தளை வெப்பத்தை நேரே நெஞ்சுக்குக் கடத்தும், கார் மேல் சாய்ந்தால் பெயின்டைக் கீறும், எலக்ட்ரீஷியனுக்கு இன்னும் மோசம். நைலான் ஜிப் பொறிக்கு உருகிவிடும். வெல்க்ரோவில் சீவலும் பஞ்சும் அடைந்து சில வாரத்தில் பிடிமானம் போய்விடும். பட்டறைக்கு அது பொருந்தவே இல்லை.

பின் இடுப்பில் மட்டும் எலாஸ்டிக் கொடுங்கள். முன்னால் கொடுத்தால் ஜிப் சுருங்கி வளையும். பின் இடுப்புத் துணி 22 இஞ்ச் என்றால் ஒன்றரை இஞ்ச் அகல எலாஸ்டிக் 15 இஞ்ச் போதும். எலாஸ்டிக்கைத் துணியோடு நேரே தைக்காமல் குழாய் மாதிரிப் பட்டி போட்டு நுழைக்கச் சொல்லுங்கள். வெந்நீர்த் துவைப்பில் முதலில் சாவது எலாஸ்டிக். மாற்ற வழி இருக்க வேண்டும்.

முதுகில் தோள்பட்டை ஓரம் இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் ஆழ மடிப்பு, அக்குளில் 4 இஞ்ச் சதுரத் துணிக் கட்டம் ஒன்றை வைரம் போலத் திருப்பித் தைப்பது, கவட்டையில் அதேபோல் ஒன்று. இந்த மூன்றுக்கும் சேர்த்து அரை மணி நேர வேலை கூடும். சூட்டின் ஆயுளை இவைதான் தீர்மானிக்கும் என்று சொன்னால் மிகையில்லை. கவட்டையில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. கட்டம் வைத்தால் அந்தப் புள்ளியே இல்லாமல் போகிறது.

பாக்கெட்டை எல்லோரும் அளவுக்கு மீறிக் கேட்பார்கள். சுற்றும் மெஷின் முன் நிற்பவருக்கு மார்பில் திறந்த பாக்கெட் கூடாது, குனிந்தால் ஸ்க்ரூவும் பேனாவும் உள்ளே விழும். வெல்டருக்கு எல்லாப் பாக்கெட்டுக்கும் மூடி, அந்த மூடி பாக்கெட்டைவிட அகலமாக. பேன்ட் அடியை வெளியே மடித்துவிடக் கூடாது. பொறி அந்த மடிப்பில் உட்கார்ந்து புகையும். கால் ஷூவுக்கு வெளியே விழ வேண்டும், உள்ளே செருகக் கூடாது. கஃபை டிச் பட்டனால் இறுக்குங்கள், நாடா, கயிறு எதுவும் எங்கும் தொங்கக் கூடாது. ஓடும் மெஷினைப் பார்க்கிற ஆளுக்கு உடலோடு ஒட்டிய உடுப்பை நிர்வாகமே தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆவது பிரிவு எழுதி வைத்திருந்தது. அந்த வார்த்தைகளின் நியாயம் இன்றும் மாறவில்லை.

பெண்கள் வேலை பார்க்கும் இடத்தில் ஒன்றாகத் தைத்த சூட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். கழிவறைக்குப் போனால் தோளிலிருந்து முழுதும் இறக்க வேண்டும், கைகள் ஈரத் தரையில் படும். வேலையைப் பொறுத்து நீளமான ஜாக்கெட், உயர்ந்த இடுப்புள்ள பேன்ட் என்று இரண்டு துண்டாகப் போகலாம். ஒற்றை உடுப்புதான் வேண்டும் என்றால் பின் இடுப்பில் திறந்து மூடும் வகையைத் தைக்கச் சொல்லுங்கள், அளவையும் அவர்களிடமே தனியாக, ஒரு பெண் டெய்லரை வைத்து எடுங்கள். ஆண் சைஸில் ஒரு நம்பர் சின்னது கொடுப்பது தீர்வல்ல. சீட் பிடிக்கும், தோள் தொங்கும்.

போட்டுப் பார்க்கும்போது

ஷூ, உள் பனியன், பெல்ட் எல்லாம் போட்டபிறகு சூட்டை மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி, ஐந்து காரியம் செய்யச் சொல்லுங்கள்: இரண்டு கையையும் நேரே மேலே தூக்குவது, முழுக்கக் குந்துவது, ஒன்றரை அடி ஸ்டூலில் கால் வைப்பது, தன்னைத் தானே கட்டிக்கொள்வது, குனிந்து ஷூ லேஸைத் தொடுவது. எங்கே பிடிக்கிறது என்பது காரணத்தைச் சொல்லிவிடும். கை கீழே இருக்கும்போது சுகமாக இருந்து, தூக்கியதும் கவட்டை இழுத்தால் கோளாறு கவட்டையில் இல்லை; ஆர்ம்ஹோல் (கை வந்து சேரும் துளை) கீழே இறங்கியிருக்கிறது. அக்குளில் கட்டம் வைத்தால் தீரும். கையைத் தூக்காமல் குந்தும்போதே பிடித்தால் தோள்-கவட்டை சுற்று குறைவு. குனியும்போது மட்டும் பிடித்தால் முதுகு நீளம் போதவில்லை.

முதுகு நீளத்துக்கு ஒரு நல்ல வைத்தியம் உண்டு, ஜிப்பைத் தொடாமலே செய்யலாம். பின் இடுப்புத் தையலை ஒரு சைடு தையலிலிருந்து மறு சைடு தையல் வரை பிரியுங்கள். எலாஸ்டிக்கை உருவிவிடுங்கள். மிச்சத் துணியில் பிறைநிலா வடிவில் ஒரு பட்டை வெட்டுங்கள். முதுகின் நடுவில் இரண்டரை இஞ்ச் அகலம், இரண்டு சைடிலும் குறைந்து குறைந்து ஒன்றுமில்லாமல் முடிய வேண்டும், இதோடு தையலுக்கு மேலும் கீழும் அரை இஞ்ச். பட்டையின் நீளம் பாவுத் திசையில் இருக்கட்டும், குறுக்கே போட்டால் சீக்கிரம் தொய்யும். முதலில் மேல் பாதியோடும் பிறகு பேன்ட்டோடும் தைத்து, மடிப்பை இரட்டைத் தையலால் அழுத்தி, புதுப் பட்டியில் எலாஸ்டிக்கைத் திரும்பப் போடுங்கள். குனியும்போது வேண்டிய இரண்டரை இஞ்ச் கிடைத்துவிடும். முன்பக்கமும் குறைவாக இருந்தால் சுற்றிலும் பட்டை வைக்க வேண்டும், அப்போது ஜிப் நீளம் போதாது. ஜிப்பை மாற்றுங்கள், அல்லது கழுத்தடியில் மிஞ்சும் இடத்தைப் பட்டியோடு இரண்டு டிச் பட்டனால் மூடுங்கள். தீத்தடுப்பு சூட்டில் இந்த வேலையை அதே துணி, அதே வகை நூல் இல்லாமல் செய்யக் கூடாது.

டூ-வே ஜிப் மாட்டிக்கொண்டால் இழுத்துக் கிழிக்க வேண்டாம்.   பல்லில் மெழுகுவத்தி தேயுங்கள். எண்ணெய் வேண்டாம், தூசி பிடித்து இன்னும் இறுகும்.

துவைப்பு

உடம்பில் இருக்கும்போதே ஏர் கன்னால் சீவலை ஊதித் தள்ளும் பழக்கம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. நிறுத்துங்கள். சீவல் துணிக்குள் இறங்கும், கண்ணில் பாயும், அழுத்தக் காற்று தோலுக்குள்ளும் போகும். கழற்றி, பிரஷ்ஷால் தட்டி, பாக்கெட்டைத் திருப்பிக் காலி செய்தபின் துவைக்கப் போடுங்கள். எண்ணெய் துடைத்த வேஸ்ட் துணியைப் பாக்கெட்டில் செருகி வைத்திருப்பவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பு தேவை. கட்டிங் ஆயில் நாள் முழுக்கத் தொடையில் ஊறினால் பருவும் தோல் அழற்சியும் வரும். பழைய காலத்துச் சுத்திகரிக்காத மினரல் ஆயில் விதைப்பைத் தோலில் புற்றுநோய் வரவழைத்தது இங்கிலாந்து நூற்பாலைகளில் பதிவான விஷயம்.

ஜிப்பை மூடி, டிச் பட்டனைப் போட்டு, உள்பக்கம் வெளியே திருப்புங்கள். எண்ணெய்க் கறையில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் தடவிப் பதினைந்து நிமிடம் விட்டு, காட்டனை 60 டிகிரி வெந்நீரில், கலப்புத் துணியை லேபிள் சொல்லும் வெப்பத்தில் துவையுங்கள். ஒரு சூட் காய்ந்த நிலையில் ஏறத்தாழ ஒரு கிலோ. ஏழு கிலோ மெஷினில் நான்குக்கு மேல் திணித்தால் எண்ணெய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமே தவிர வெளியே போகாது. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் ஆகியவற்றில் அலசுவது கறையை எடுக்கும், துணியையும் தீக்குச்சியாக்கும். வீட்டுத் துணியோடு, முக்கியமாகக் குழந்தைத் துணியோடு, சேர்க்கவே கூடாது.

தீத்தடுப்பு சூட்டுக்குப் பிளீச் இல்லை, கம்ஃபர்ட் போன்ற சாஃப்ட்னர் இல்லை, பார் சோப்பு இல்லை. பெங்களூரு போர்வெல் தண்ணீர் கடினம். சோப்போடு சேர்ந்து துணியில் படியும் வெள்ளைப் படிவு தானே எரியும், தீத்தடுப்பைக் கெடுக்கும். லிக்விட் டிடர்ஜென்ட் போட்டு, கடைசி அலசலையாவது காவிரித் தண்ணீரில் செய்யுங்கள். ஆர்.ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரைத் துணிக்கு மிச்சம் பிடிக்கும் நல்ல பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, ஆனால் அது மெஷினுக்குள் போன தண்ணீரைவிடக் கடினமானது. இந்தத் துணிக்கு மட்டும் வேண்டாம்.

காயப்போடும்போது கால் மேலே, தலை கீழே. இடுப்புப் பட்டி, பாக்கெட், ஜிப் பட்டி என்று துணி இரண்டு மூன்றாக உள்ள இடங்கள்தான் கடைசியாகக் காயும். உள்பக்கம் வெளியே திருப்பித் தொங்கவிட்டால் அவற்றுக்குக் காற்று படும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழையில் கனத்த டிரில் வீட்டுக்குள் காய இரண்டு நாள் பிடிக்கும். ஆளுக்கு இரண்டு சூட் கொடுத்துவிட்டு தினமும் சுத்தமாக வா என்றால் நடக்காது, மூன்று வேண்டும். ரிஃப்ளெக்டிவ் டேப்பில் இஸ்திரி படக் கூடாது.

எப்போது கழிப்பது

சீட், முழங்கால், முழங்கை மூன்றையும் உள்ளிருந்து மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். நெசவின் இடைவெளி புள்ளி புள்ளியாக வெளிச்சம் காட்டினால் அந்தத் துணி இனி தாங்காது. துவைத்த பின்னும் போகாத எண்ணெய்த் திட்டு உள்ள சூட்டை வெல்டருக்குத் தரக் கூடாது. துளை விழுந்த தீத்தடுப்பு சூட்டில் சாதாரணத் துணியால் ஒட்டுப்போட்டிருந்தால் அது சாதாரண சூட், அப்படியே எழுதித் தனியே வையுங்கள்.

கழித்ததை வெட்டும் முன் கம்பெனி லோகோவை அறுத்தெடுங்கள். பழைய சூட்டைப் போட்டுக்கொண்டு செக்யூரிட்டியைத் தாண்டி வருபவர்கள் உண்டு. ஜிப், டிச் பட்டன், டேப் மூன்றையும் நீக்கினால் காட்டன் சூட் நல்ல வேஸ்ட் துணி. பாலியஸ்டர் கலந்தது எண்ணெயைச் சரியாக உறிஞ்சாது, மெஷின் துடைக்க அதை வைத்தால் ஆட்கள் அதன்மேல் இன்னொரு துணி தேடுவார்கள். வார்னிஷ், லின்சீட் ஆயில் துடைத்த துண்டுகளை மட்டும் மூட்டையாகக் குவிக்காமல் விரித்துக் காயவையுங்கள், அல்லது மூடியுள்ள இரும்பு டப்பாவில் தண்ணீரில் போடுங்கள். குவியலின் நடுவில் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.